பங்குனியில் பூக்க மார்கழியில் வெட்ட வேண்டும்: அனலைதீவு வளவுகளில் மல்லிகை

மாசி கழிந்து பங்குனி பிறக்கும்போது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் மல்லிகை மொட்டுக் கட்டத் தொடங்குகிறது. பங்குனி உத்தரம், சித்திரை வருடப்பிறப்பு, வைகாசிக் கல்யாணங்கள், அதைத் தொடர்ந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா என்று பூவுக்குத் தேவை கூடும் மாதங்களும் இவையே. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையில்லை. சந்தைக்குப் போனால் சரம் கிடைக்கும். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறித்தான் போய்ச் சேர முடியும் என்ற நிலையில் உள்ள அனலைதீவில் கதை வேறு. மல்லிகை ஓர் இரவின் பூ. மாலையில் விரிந்து மறுநாள் வெயிலில் பழுத்துவிடும். வானிலும் படகிலும் அரை நாள் வெயில் குடித்து வரும் சரத்தில் மணத்தில் பாதிதான் மிஞ்சும். ஆகவே இங்கே மல்லிகை வேண்டுமென்றால் வளவுக்குள் ஒரு செடி வேண்டும்.

அந்தச் செடியை வளர்ப்பது கடினமல்ல என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மல்லிகை அதிகம் கேட்காத செடி. வெயில், வடியும் மண், வருடத்துக்கு ஒரு முறை வெட்டு, உப்பில்லாத தண்ணீர், இவ்வளவுதான் அது கேட்பது. முதல் மூன்றும் அனலைதீவில் தாராளமாகக் கிடைக்கும். நான்காவதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

தண்ணீருக்குக் கீழே கடல்

ஏறத்தாழ 5 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தத் தீவில் ஆறு கிடையாது. மேலே மெல்லிய மண்படை, கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. நமது கிணறுகளில் இருப்பது அந்த மழைதான். அதற்குக் கீழே, பக்கங்களிலிருந்து கல்லுக்குள் ஊடுருவி வந்த கடல்நீர் இருக்கிறது. நன்னீர் உவர்நீரை விடச் சற்றுப் பாரம் குறைந்தது என்பதால் அதன் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது.

எவ்வளவு பாரம் குறைவு என்பதில்தான் விடயம் இருக்கிறது. 1,000 கிராம் நன்னீர் கொள்ளும் பாத்திரத்தில் கடல்நீரை ஊற்றினால் சுமார் 1,025 கிராம் நிற்கும். இந்த 25 கிராம் வித்தியாசத்திலிருந்து பிறப்பதுதான் நீரியலாளர்கள் சொல்லும் 1-க்கு 40 என்ற கணக்கு. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடிக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் ஒருவரும், பின்னர் ஜெர்மானியர் ஒருவரும் தங்கள் நாட்டுக் கடற்கரைகளில் கிணறு தோண்டும்போது தனித்தனியே கண்டுபிடித்த விதி இது. (அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒல்லாந்தர் இங்கே வந்து நமது தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்கள். அனலைதீவுக்கு அவர்கள் வைத்த பெயர் ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும்தான் இன்றும் புழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

அந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கிணற்று நீர்மட்டம் இறைப்பினால் ஓர் அடி நிரந்தரமாகக் குறைந்தால், கீழேயிருக்கும் உப்பு 40 அடி மேலே ஏறுவதற்கு இடம் கொடுக்கிறோம். நடைமுறையில் கல்லின் வெடிப்புகள், அலையேற்றம், கலப்பு என்று பல காரணங்களால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதக் கைகளின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. 2 அங்குலக் குழாய் பூட்டிய நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. அது நிமிடத்துக்குச் சில நூறு லீற்றர் எடுத்துவிடும். புகையிலைத் தோட்டத்துக்கு இறைத்தாலும் பூச்செடிக்கு இறைத்தாலும் கிணற்றுக்கு ஒன்றுதான்.

கிணறு உவராகிறது என்பதை நாக்கு சொல்லும் முன்பே மல்லிகை சொல்லிவிடும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்தது போல் கபில நிறமாகக் கருகும். பிறகு அந்த இலைகள் உதிரும். மொட்டுகள் சிறுத்துக் காய்ந்து விழும். நீரின் உப்பை அளக்கும் மின்கடத்துதிறன் கருவி சிறியது, கையில் பிடிக்கக்கூடியது. உலக உணவு விவசாய நிறுவனத்தின் பொதுவான வழிகாட்டல்படி, மீற்றருக்கு 0.7 டெசிசீமன்ஸ் வரை உள்ள நீரைப் பயிருக்குத் தாராளமாக விடலாம். 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்கள் தாங்காது. மல்லிகையைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் நடுவில் கீழ்ப்பாதியில் நிற்பதே நல்லது. உங்கள் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் அளப்பதற்கு வழி சொல்வார். மாசியில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை அளந்து குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் கிணற்றின் சாதகம்.

எந்த மல்லிகை

நாம் பொதுவாக மல்லிகை என்று சொல்வது தாவரவியலில் 'ஜஸ்மினம் சம்பக்' எனப்படும் இனம். சம்பக் என்ற சொல் அரபு வழி வந்தது. அரபு வணிகமும் சீன வணிகமும் இந்தப் பூவை எவ்வளவு தூரம் கொண்டு போயின என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. சீனர்கள் தேயிலையில் மணமேற்றுவது இதைக் கொண்டுதான். பிலிப்பைன்ஸ் 1934இலும் இந்தோனேசியா 1990இலும் இதைத் தேசிய மலராக அறிவித்தன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம். இங்கே டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இலக்கியச் சஞ்சிகைக்கு வைத்த பெயரும் இதுவே.

ஒற்றை அடுக்கு மல்லிகை கொடியோடும் குணம் கொண்டது. வீட்டு முகப்பில் பந்தல் போட்டுப் படரவிடுவது இதைத்தான். அடுக்கு மல்லிகை, குண்டு மல்லிகை என்பவை புதராக நிற்கும். முல்லையும் பிச்சியும் வேறு இனங்கள். அவற்றுக்கு வெட்டும் மாதமும் வேறு. தீவுக் காற்றில் பந்தல் நிலைப்பது சிரமம் என்பதால் புதராக நிற்கும் குண்டு மல்லிகையையே நான் பரிந்துரைப்பேன். மூன்று செடி இருந்தால் ஒரு வீட்டுக்கும் வீட்டுச் சாமிக்கும் போதும்.

கன்றை நாற்று மேடையில் காசு கொடுத்து வாங்கிப் படகில் சுமந்து வரத் தேவையில்லை. அயல் வளவில் நன்றாகப் பூக்கும் செடி இருந்தால் அதிலேயே பதி வைக்கலாம். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், தாழ்வாக உள்ள ஒரு கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டையைச் சிறிது சீவி, மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். மீதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் விட்டிருக்கும். முற்றியும் முற்றாமலும் இருக்கும் தண்டில் அரை அடித் துண்டுகளாக வெட்டி நட்டும் எடுக்கலாம். ஆனால் பதி தவறுவது குறைவு. இதில் இன்னொரு இலாபமும் உண்டு: அந்தத் தாய்ச்செடி ஏற்கெனவே உங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தது.

குழியும் காற்றும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கையேடுகள் ஓர் அடி நீள, அகல, ஆழக் குழி போதும் என்கின்றன. அது ஆழமான மண்ணுக்குச் சொன்னது. அனலைதீவில் பல இடங்களில் மண்வெட்டியை விட அலவாங்குக்குத்தான் வேலை. கல் வரும் இடமென்றால் இரண்டடிக்குத் தோண்டி, எடுத்த சுண்ணக் கற்களை வெளியே போட்டுவிட்டு, மேல் மண்ணோடு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெருவும் குழையும் சேர்த்து நிரப்புங்கள். புகையிலைச் செய்கையில் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்ப்பது நமக்குப் புதிதல்ல. அதே வேலையை இந்தச் சின்னக் குழியிலும் செய்யுங்கள். செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளி வேண்டும்.

இடம் தெரிவதில் அவசரப்பட வேண்டாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். கடலிலிருந்து உப்பையும் தெருவிலிருந்து புழுதியையும் அள்ளிக்கொண்டு தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு நேரே நிற்கும் மல்லிகை, நல்ல தண்ணீர் குடித்தாலும் இலை கருகும். வீட்டின் கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கம் நடுங்கள். வீடே காற்றுக்கு மறைப்பாகிவிடும். காலை வெயிலும் கிடைக்கும். ஆறு மணி நேர வெயில் கட்டாயம். வேம்புக்குக் கீழே நட்டால் செழிப்பான இலைகள் கிடைக்கும், பூ கிடைக்காது.

கட்டாக்காலி மாடுகளையும் ஆடுகளையும் பற்றித் தீவு வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வேலி, பிறகு கன்று. பனைமட்டை வேலி காற்றையும் கொஞ்சம் உடைக்கும்.

மஞ்சள் இலையின் இரண்டு கதைகள்

மல்லிகை வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இலை மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றுகிறார்கள். அல்லது யூரியா போடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் தவறான மருந்து.

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். கீழே உள்ள பழைய இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. எரு போடுங்கள், சரியாகும். நுனிக் கொழுந்துகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணின் காரத்தன்மை அதைக் கரையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்த கிணற்று நீரும் காரம் கொண்டது என்பதால், தண்ணீரை அதிகமாக்கினால் பூட்டு இன்னும் இறுகும். அதே காரணத்தால் இரும்பை மண்ணில் போட்டும் பயனில்லை. இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற்று கரைத்து மாலை வேளையில் இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, கொழுந்து பச்சையாகும் வரை. நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று சொல்வதும் இந்தப் பச்சை உப்பைத்தான். நீண்ட காலத்துக்கு உதவுவது குழையும் எருவும். அவை மக்கும்போது வெளிவரும் அமிலங்கள் வேரைச் சுற்றியாவது அந்தப் பூட்டைத் திறக்கின்றன.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே இரவில் நிறுத்தியபோது நாடு முழுவதும் தோட்டங்கள் தத்தளித்தன. வளவுக்குள் மூன்று மல்லிகை வைத்திருந்தவர்களுக்கு அதனால் எதுவும் ஆகியிருக்காது. ஆட்டுப்பட்டி பக்கத்தில் இருக்கும்வரை இந்தச் செடிக்குப் பை உரம் அவசியமில்லை. செடிக்கு வருடம் 10 கிலோ மக்கிய எரு, வெட்டிய கையோடு பாதி, ஆனி ஆடியில் பாதி.

தண்ணீர் விடும் கணக்கு

தினமும் ஒரு செம்பு ஊற்றுவதுதான் மல்லிகைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். மேல் மண் மட்டும் நனைந்து, வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு வேரருகே தங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் அந்த உப்பே செடியைக் கொல்கிறது. அதற்குப் பதிலாக நான்கு நாளைக்கு ஒரு முறை, 10 லீற்றர் வாளியால் செடிக்கு இரண்டு வாளி ஆறுதலாக ஊற்றுங்கள். நீர் கீழே இறங்கும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அடியில் சருகு, பனையோலைத் துண்டு, தென்னம் பொச்சு என்று எதையாவது நான்கு விரற்கடை தடிப்பாகப் பரப்பி வையுங்கள். கரையில் ஒதுங்கும் சாதாளையைப் போடுவதென்றால் ஒரு மாரி முழுவதும் வெளியே நனையவிட்டு உப்பு கழுவிய பிறகு போடுங்கள்.

கிணற்றடியில் குளிக்கும் நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் வாழையும் மல்லிகையும் வைப்பது நமது பழைய வழக்கம். சீயாக்காயும் அரப்பும் தேய்த்த காலத்தில் அது மிகச் சிறந்த ஏற்பாடு. இன்றைய சலவைத் தூளில் சோடியம் அதிகம். அது மண்ணை இறுக்கும், கிணற்று உப்போடு சேர்ந்து வேரைச் சுடும். வாழை ஓரளவு பொறுக்கும், மல்லிகை பொறுக்காது. ஆகவே அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர் மல்லிகைக்கு. சவர்க்கார நீர் வேறு பக்கத்துக்கு.

மழைநீரைச் சேமிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். சிந்துவதைக் கழித்தாலும் ஒரு தாங்கி நிரம்பும். மூன்று செடிக்கு நான்கு நாளைக்கு 60 லீற்றர் என்றால், வாரத்துக்கு ஏறத்தாழ 105 லீற்றர். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்யும் ஒரு வாரமே இந்தச் செடிகளை அடுத்த ஆவணி வரை கொண்டுபோய்விடும். குடிநீருக்கே தாங்கி போதாத வீட்டில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் தாங்கி நிரம்பி வழியும் நீர் இன்று நேரே கடலுக்குத்தான் போகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990களில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். பூட்டிய வீடுகளும் வெளிநாட்டுப் பணத்தில் திருத்திய வீடுகளும் ஒரே ஒழுங்கையில் நிற்கின்றன. பணம் அனுப்புபவர்களின் முதல் யோசனை பெரும்பாலும் ஆழமான குழாய்க்கிணறு. மிதக்கும் வில்லை பற்றி மேலே சொன்னதை நினைவில் வைத்துப் பாருங்கள்: இந்தத் தீவில் ஆழம் போகப் போக நன்னீர் கூடாது, உப்புத்தான் கூடும். அதைவிட மோசம், ஒரு வளவில் உப்பை மேலே இழுத்தால் அயல் வளவுக் கிணறும் சேர்ந்து போகும். ஊரில் பூந்தோட்டம் பார்க்க ஆசைப்படும் புலம்பெயர்ந்த உறவுகள் அந்தப் பணத்தில் ஒரு மழைநீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தால் கிணறும் தப்பும், மல்லிகையும் தப்பும்.

வெட்டு

மல்லிகை புதிதாக விடும் தளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய தண்டில் பூக்காது. வெட்டப்படாத செடி வருடா வருடம் உயர்ந்து, உள்ளே விறகும் வெளியே நாலு பூவுமாக நிற்கும். வெட்ட மனம் வராமல் செடியைக் கெடுத்துக்கொள்பவர்களே அதிகம்.

தமிழ்நாட்டுக் கையேடுகள் கார்த்திகை நடுப்பகுதியில், நவம்பர் கடைசி வாரத்தில், வெட்டச் சொல்கின்றன. நமது தீவுகளில் அது பெருமழை நேரம். வெட்டுக் காயம் நாட்கணக்கில் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துத் தண்டு கீழ்நோக்கிக் காயும். மார்கழி மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் எறித்ததும் வெட்டுவதே இங்கே பொருத்தம். தைப்பொங்கலுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். வெட்டியதிலிருந்து மொட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் எடுக்கும். பங்குனி நடுவில் முதல் பூ வேண்டுமென்றால் நாட்காட்டியில் நீங்களே பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

நிலத்திலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ள எல்லாவற்றையும் கூரான கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்த தண்டுகளையும் ஒன்றையொன்று உரசும் தண்டுகளையும் அடியோடு எடுங்கள். மிஞ்சிய இலைகளையும் உருவிவிடலாம். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். பிறகு அடிமண்ணைக் கிளறி, எருவைப் போட்டு, தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் கணுக்களில் சிவந்த முளைகள் தெரியும்.

நட்ட முதல் வருடம் மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். அந்த வருடம் வேருக்குரியது.

மொட்டும் புழுவும்

பூ எடுக்கும் நேரம் விடியற்காலை. அன்று மாலை விரியப்போகும் மொட்டு முழு வெள்ளையாகப் பருத்து, மற்ற மொட்டுகளின் இளம்பச்சையிலிருந்து தனித்துத் தெரியும். சூரியன் ஏறுமுன் அதைக் கொய்து ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றி நிழலில் வைத்தால், பறித்த பிறகும் அது உயிரோடுதான் இருக்கும். மல்லிகையின் விசேடம் இது. ரோஜாவில் மணம் ஏற்கெனவே இதழில் சேர்ந்திருக்கிறது. மல்லிகை விரியும் வேளையில்தான் மணத்தை உண்டாக்குகிறது, கொடியிலிருந்து பிரிந்த பிறகும் இரவு முழுவதும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக ஏற்பட்ட குணம் அது. அடுக்கு மல்லிகையில் வித்து உண்டாவதில்லை. வீண் அழைப்புத்தான், அதன் பலன் நமக்கு.

மொட்டுகள் ஊதா நிறமாகிக் காய்ந்தால் அல்லது துளையோடு விழுந்தால் மொட்டுப்புழு அல்லது மொட்டு ஈயின் வேலை. மூன்று செடிதானே, கெட்ட மொட்டுகளைக் கையால் கிள்ளி எரித்துவிடுவதே சிறந்த மருந்து. நிலத்தில் விழுந்தவற்றை விட்டுவைக்காதீர்கள். ஈயின் அடுத்த தலைமுறை அந்த மண்ணிலிருந்துதான் எழும்பும். கூடினால், ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் என்ற அளவில் இடித்த வேப்பங்கொட்டையை இரவு ஊறவைத்து வடித்து, ஒரு துளி சவர்க்காரம் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். ஆடி, ஆவணி வறட்சியில் இலைக்கு அடியில் மெல்லிய வலையோடு சிவப்புச் சிலந்திப் பேன் வரும். இலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

ரொறன்ரோவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: இதே குண்டு மல்லிகை சட்டியில் அங்கும் பூக்கும். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன் உள்ளே எடுத்து, தெற்குப் பக்க யன்னலில் வைத்து, பனி முடியும் தறுவாயில் வெட்டுங்கள். மாதக் கணக்கு மட்டும் மாறும்.

ஒரு செடி நன்றாகப் பார்த்தால் பத்துப் பதினைந்து வருடம் பூக்கும். பிறகு தண்டு தடித்து, பூ சிறுத்து வரும். அது தெரியத் தொடங்கும் வருடம் ஐப்பசியிலேயே ஒரு கிளையைப் பதி வைத்துவிடுங்கள். புதுக் கன்றைப் பழைய குழியில் நட வேண்டாம், வளவின் வேறு ஒரு பக்கத்தில் அலவாங்கைப் போடுங்கள்.